கேமரா வாங்குவதும் மாற்றுவதும்: பெங்களூர் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாரம் முழுக்க ஆபீஸ், சனி ஞாயிறு வந்தால் கேமராப் பை. இப்படி ஓடும் தமிழ் ஆட்கள் பெங்களூரில் நிறைய. அவர்கள் மாறி மாறிக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். படம் எடுத்துப் பிழைப்பவர்களின் கணக்கு வேறு. இது ஆசைக்காக எடுப்பவர்களுக்கு மட்டும்.

முதல் கேமராவாக எதை வாங்கலாம்?

குழந்தையின் பிறந்தநாள், ஊருக்குப் போன படம், இதற்கு மட்டும் என்றால் கையில் இருக்கும் போனே போதும். அதைத் தாண்டி ஆசை வந்துவிட்டது என்றால், ஒரு கிராப் சென்சார் பாடியும் (படம் பதியும் சென்சார் கொஞ்சம் சின்னதாக இருக்கும் கேமரா உடல்) அதோடு வரும் கிட் லென்ஸும் வாங்குங்கள். கேனன் ஆர்50, நைகான் இசட்50, சோனி ஏ6400 எல்லாமே நல்ல தொடக்கம். மூன்றில் எதை எடுத்தாலும் முதல் இரண்டு வருடம் படம் சரியில்லை என்றால் காரணம் கேமரா இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர். நைகான் இசட்30-இல் அது கிடையாது. லால்பாகில் பதினொரு மணி வெயிலில் பின்பக்கத் திரையைப் பார்த்துப் படமெடுக்க முயன்றால் அதன் அருமை தெரியும்.

பறவையா, தெருவா என்று எல்லோரும் கேட்கிறார்களே, அது ஏன்?

பெங்களூரில் பொழுதுபோக்காகப் படமெடுப்பவர்கள் கொஞ்ச நாளில் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கூட்டம் விடியற்காலை நாலு மணிக்கு மைசூர் ரோட்டில் ரங்கனதிட்டுக்கோ கொக்கரே பெள்ளூருக்கோ போய்க்கொண்டிருக்கும். இன்னொரு கூட்டம் அதே நேரத்தில் கே.ஆர். மார்க்கெட்டின் மேல்தளத்தில் நின்று கீழே பூக்கடைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் கூட்டத்துக்கு நீளமான லென்ஸும் வேகமான ஃபோகஸும் வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்குச் சின்ன லென்ஸ், குறைந்த வெளிச்சம் தாங்கும் பாடி, யாரும் திரும்பிப் பார்க்காத அளவுக்குச் சின்ன உருவம். ஒருவருடைய சாமான் இன்னொருவருக்குச் சுமைதான்.

நான் பார்த்த வரையில் பணம் வீணாவது பெரும்பாலும் விலை உயர்ந்த பொருளால் இல்லை. எந்தப் பக்கம் என்று முடிவு செய்யாமல் நடுவில் நின்று வாங்குவதால்தான். 18-300 எம்.எம். (எம்.எம். கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்) மாதிரி எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ், அதற்கு மேல் பெரிய சென்சார் உள்ள ஒரு ஃபுல் ஃப்ரேம் பாடி, அப்புறம் பறவைக்கு எட்டவில்லை என்று இன்னொரு செலவு. முதல் கேமராவோடு ஒரு வருடம் இரண்டு பக்கமும் சுற்றுங்கள். அடுத்த காசை அதற்குப் பிறகு வெளியே எடுக்கலாம்.

எந்தக் கம்பெனி நல்லது?

எல்லாமே நல்லவைதான். கம்பெனியைவிட மவுண்டை, அதாவது லென்ஸ் பாடியில் மாட்டும் அமைப்பைப் பாருங்கள். பாடி இன்று ஒன்று வரும், நாளை ஒன்று வரும். மவுண்ட் என்பது சம்பந்தி வீடு மாதிரி, ஒருமுறை கை நனைத்துவிட்டால் சுலபமாக விலக முடியாது.

கேனன் ஆர்.எஃப். மவுண்டையும் நைகான் இசட் மவுண்டையும் 2018-இல் கொண்டுவந்தன. அதன் பிறகு இரண்டு கம்பெனிகளின் கவனமும் மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா) பக்கம் போய்விட்டது. சோனியின் ஈ மவுண்ட் 2010-லிருந்தே இருப்பதால் சிக்மா, டாம்ரான் போன்றவர்களின் லென்ஸ்கள் அதற்குத்தான் அதிகம் கிடைக்கும். கேனன் ஆர்.எஃப். பக்கம் மற்ற கம்பெனிகளின் ஆட்டோஃபோகஸ் லென்ஸுக்குப் பல வருடம் கதவு சாத்தியே இருந்தது. 2024-இல்தான் சிக்மாவும் டாம்ரானும் கிராப் சென்சாருக்கான லென்ஸ்களோடு உள்ளே வந்தன.

இப்போது டிஎஸ்எல்ஆர் வாங்கினால் முட்டாள்தனமா?

இல்லை. டிஎஸ்எல்ஆர் என்பது உள்ளே அந்தக் கண்ணாடி இருக்கும் பழைய பாணி கேமரா. பட்ஜெட் குறைவு, செகண்ட் ஹேண்டில் நல்லதாக ஒன்று கிடைக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் நைகானில் ஒரு பொறி இருக்கிறது. டி3500, டி5600 போன்ற சின்னப் பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 எம்.எம். 1.8டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. கையால்தான் திருக வேண்டும். மோட்டார் உள்ளேயே இருக்கும் 1.8ஜி லென்ஸ் வேண்டும், அல்லது டி7000 வரிசைப் பாடி வேண்டும். பின்னால் இசட் பாடிக்கு மாறி, பழைய லென்ஸை மாட்ட உதவும் எஃப்.டி.இசட். அடாப்டர் போட்டாலும் அந்த 'டி' லென்ஸ்களுக்கு இதே கதைதான். கேனனில் இந்தத் தலைவலி இல்லை. 1987-லிருந்து வந்த ஈ.எஃப். லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் ஆர் பாடிகளில் ஆட்டோஃபோகஸோடு ஒழுங்காக ஓடுகின்றன.

பாடியை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா?

இதற்கு என்னைவிட உங்கள் ஹார்ட் டிஸ்க் நல்ல பதில் சொல்லும். கடந்த ஒரு வருடத்தில் உங்களுக்கே பிடித்துத் தனியாக எடுத்து வைத்த படங்களை ஒரே ஃபோல்டரில் போடுங்கள். எல்லாப் படமும் வேண்டாம், பிடித்தது மட்டும். விண்டோஸில் அந்த ஃபோல்டரை டீடெய்ல்ஸ் முறையில் திறந்து, மேலே தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்தால் ஃபோகல் லெங்த் (லென்ஸின் எம்.எம். கணக்கு), ஐஎஸ்ஓ ஸ்பீட் (சென்சாரின் ஒளி உணர்வு), எக்ஸ்போஷர் டைம் என்று பத்திகள் சேர்க்கலாம். லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கு மெட்டாடேட்டா ஃபில்டரிலேயே இருக்கிறது.

இப்போது ஃபோகல் லெங்த் பத்தியை வரிசைப்படுத்திப் பாருங்கள். 55-250 வைத்திருக்கும் ஒருவருக்குப் பெரும்பாலும் 250 என்றே இருந்தால் அவர் பறவைப் பக்கம், நீளம் போதவில்லை. 18-க்கும் 35-க்கும் நடுவிலேயே கொத்தாக இருந்து, ஐஎஸ்ஓ பத்தியில் 6400 நிரம்பி வழிந்தால் தெருப் பக்கம், வெளிச்சம் போதவில்லை. அபெர்ச்சர் என்பது லென்ஸின் வாய் திறக்கும் அளவு, எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. கிட் லென்ஸின் 5.6 அபெர்ச்சரிலிருந்து 1.8-க்குப் போனால் மூன்று ஸ்டாப்புக்கு மேல் லாபம். அதாவது ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்த அதே படத்தை 800-க்கும் கீழே எடுக்கலாம். எந்தப் புதுப் பாடியும் ஒரே தாவலில் இவ்வளவு தராது.

பாடி மாற்ற நியாயமான காரணங்களும் இருக்கின்றன. பழைய டிஎஸ்எல்ஆரில் பறவையின் கண்ணை கேமராவே பிடித்துத் தொடர்வது கிடையாது; புது மிரர்லெஸ்களில் உண்டு. பறக்கும் பறவைக்கு அது பெரிய வித்தியாசம். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அவ்வளவு இல்லை.

பறவைக்கு எத்தனை எம்.எம். வேண்டும்?

எத்தனை இருந்தாலும் போதாது என்பதுதான் அந்தப் பக்கத்து ஆட்களின் நிரந்தரப் புலம்பல். கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம்.

கிராப் சென்சாரில் 300 எம்.எம். என்பது ஃபுல் ஃப்ரேமில் 450 எம்.எம். காட்டும் அளவுக்குக் காட்டும், கேனனில் 480. ரங்கனதிட்டில் படகில் போகும்போது மஞ்சள் மூக்கு நாரைகளும் முதலைகளும் அவ்வளவு பக்கத்தில் வரும், 300 தாராளம். கொக்கரே பெள்ளூரில் நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் மரத்திலேயே கூடு கட்டுகின்றன. ஹெசரகட்டா புல்வெளியில் குளிர்காலத்தில் வரும் பூனைப்பருந்துகள் வேறு ரகம்; அங்கே 500, 600 இருந்தாலும் ஏக்கம்தான்.

300-லிருந்து 400-க்கு மாறினால் பறவை படத்தில் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும். அதே பலன் 20 மீட்டரில் நின்ற நீங்கள் 15 மீட்டருக்கு நகர்ந்தாலும் கிடைக்கும். சத்தமில்லாமல் உட்கார்ந்து பறவையே பக்கத்தில் வரும் வரை காத்திருக்கத் தெரிந்தவருக்கு லென்ஸ் செலவு குறைவு. தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள் ஆட்டோஃபோகஸ் என்ற பேச்சே இல்லாத ஃபிலிம் காலத்தில் எடுத்த பறவைப் படங்களைத் தேடிப் பாருங்கள். அதில் பெரும்பங்கு பொறுமை. ஒரு வார்த்தை: கூட்டில் இருக்கும் பறவையை நெருங்காதீர்கள். அப்படிப்பட்ட படங்களை இன்று பல போட்டிகள் ஏற்பதும் இல்லை.

எடையையும் பாருங்கள். சிக்மா 150-600 கன்டெம்பரரி, டாம்ரான் 150-600 இரண்டும் ஏறக்குறைய இரண்டு கிலோ. நைகான் 200-500 இன்னும் கொஞ்சம் அதிகம். கேனன் ஆர்.எஃப். 100-400 அரை கிலோவுக்குச் சற்று மேல்தான், ஆனால் 400 முனையில் அபெர்ச்சர் 8. பந்திப்பூர் சஃபாரியில் காலை ஆறரை மணி வெளிச்சத்தில் தடுமாறும். எதை எடுத்தாலும் ஒரு விட்டுக்கொடுப்பு இருக்கும். என் ஓட்டு, தினமும் தூக்கிக்கொண்டு போக முடிகிற லென்ஸுக்கு.

இன்னொன்று. காலை ஒன்பது மணிக்கு மேல் ஏரி மேலும் புல்வெளி மேலும் சூடான காற்று அலையலையாக எழும்பும். தூரத்துப் படம் எல்லாம் கலங்கலாக வரும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடாதீர்கள்; டிபன் சாப்பிடப் போகலாம்.

தெருவுக்கும் திருவிழாவுக்கும் என்ன வேண்டும்?

கிராப் சென்சார் என்றால் 23, 24 அல்லது 35 எம்.எம். பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) ஒன்று. அவ்வளவுதான். 50 எம்.எம். எல்லோரும் முதலில் வாங்குவது, முகத்துக்கு அழகாக வரும். ஆனால் கிராப் சென்சாரில் அது 75 எம்.எம். மாதிரி ஆகிவிடும். கடலைக்காய் பரிஷை (நிலக்கடலைத் திருவிழா) அன்று பசவனகுடியில் பின்னால் நகர இடம் எங்கே? ஒரு தலையும் ஒரு கூடையும்தான் ஃப்ரேமில் அடங்கும். சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவில் செப்டம்பர் 8 தேர், நள்ளிரவுக்கு மேல் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் கரகம், எல்லாமே நெரிசல், எல்லாமே இருட்டு.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் சத்தமே வராத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டுவிட்டு, படத்தில் குறுக்கே கருப்புப் பட்டை விழுகிறது என்று பயந்துபோய் வருகிறார்கள். கேமராவில் கோளாறு இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பெரும்பாலும் சரியாகும். இல்லையென்றால் மெக்கானிக்கல் ஷட்டருக்குத் திரும்புங்கள்; திருவிழாச் சத்தத்தில் உங்கள் ஷட்டர் யாருக்குக் கேட்கப் போகிறது.

ஃபுல் ஃப்ரேமுக்கு எப்போது மாறலாம்?

தெருப் பக்கம், கல்யாணப் பக்கம், இரவுப் பக்கம் என்றால் மாறுவதில் அர்த்தம் உண்டு. சென்சார் பரப்பு இரண்டேகால் மடங்கு. ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல் லாபம்.

பறவைப் பக்கம் என்றால் நில்லுங்கள். 24 மெகாபிக்சல் கிராப் பாடியிலிருந்து 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமுக்குப் போனால், அதே லென்ஸில் அதே பறவை சிறிதாகிவிடும். பழைய அளவுக்கு வெட்டினால் கையில் மிஞ்சுவது 10 மெகாபிக்சல் சொச்சம். லட்சக்கணக்கில் செலவழித்து எட்டும் தூரத்தைக் குறைத்துக்கொள்வது இதுதான். 45 மெகாபிக்சல் வாங்கினால் ஈடுகட்டலாம், ஆனால் அது வேறு பட்ஜெட்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இந்த ஊரில் செகண்ட் ஹேண்ட் சந்தை நமக்குச் சாதகம். ஆசையாக வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, ஆன்சைட் போகும்போது விற்பவர்கள் ஏராளம். பகல் நேரத்தில் ஒரு தர்ஷினியில் சந்திக்கலாம் என்று சொல்லுங்கள். காபி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

லென்ஸைக் கழற்றி இரண்டு மூடியையும் எடுத்துவிடுங்கள். போன் டார்ச்சை ஒரு முனையில் சாய்வாகப் பிடித்து மறு முனையிலிருந்து பாருங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, சாய்வாக. தூசு அங்கங்கே புள்ளியாகத் தெரியும். பரவாயில்லை, எல்லா லென்ஸிலும் இருக்கும். வேர் விட்ட மாதிரி, சிலந்தி நூல் மாதிரி மெல்லிய கிளைகள் ஓரத்திலிருந்து கிளம்பினால் அது ஃபங்கஸ். காபிக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். கண்ணாடி முழுக்க லேசாகப் பால் படர்ந்தது போலிருந்தாலும் வேண்டாம்.

அடுத்து, எதிர்ச் சுவரில் ஒட்டிய போஸ்டரோ செங்கலோ பார்த்து, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து நேராக ஒரு படம். பெரிதாக்கி நாலு மூலையும் பாருங்கள். நாலும் ஒரே மாதிரி மங்கினால் லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் எங்கோ கீழே விழுந்து உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கலாம்.

பாடிக்கு இரண்டு படம். அபெர்ச்சர் 16 வைத்து வானத்தை ஒன்று. சென்சார் தூசு கரும்புள்ளியாகத் தெரியும், அது துடைத்தால் போகும், விலை குறைக்கப் பேசலாம். லென்ஸ் மூடியைப் போட்டுச் சில நொடி எக்ஸ்போஷரில் இன்னொன்று. சிவப்பு, நீலம் என்று நிறைய புள்ளிகள் மின்னினால் யோசியுங்கள். ஷட்டர் கவுண்ட் (ஷட்டர் இதுவரை எத்தனை தடவை இயங்கியது என்ற கணக்கு) நைகானில் படத்தோடேயே பதிவாகும். கேனனில் பொதுவாக அப்படி இல்லை. கேபிள் போட்டு மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். கேட்டதும் விற்பவர் முகம் மாறினால் அதுவும் ஒரு தகவல்தான். கடைசியாக, பில்லில் உள்ள சீரியல் நம்பரும் பாடியின் அடியில் உள்ள நம்பரும் ஒன்றா என்று ஒரு முறை படித்துப் பாருங்கள்.

கடைக்காரர் பில் இல்லாமல் பல ஆயிரம் குறைத்துத் தருகிறார். வாங்கலாமா?

கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதையும் சுங்கத்தையும் தாண்டி வந்த சரக்கு என்பதால்தான் அந்த விலை. இந்திய வாரண்டி கிடையாது. பழுது வந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் தொடவே யோசிப்பார்கள், நாளை விற்கப் போனாலும் விலை போகாது. மெக்கானிசம் எளிதான சின்ன பிரைம் லென்ஸ் என்றால் சிலர் துணிகிறார்கள். பாடிக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாமா?

கட்டாயம். பெங்களூரில் லென்ஸ் வாடகைக் கடைகள் நிறைய. வெள்ளி மாலை எடுத்துத் திங்கள் காலை திருப்பித் தரலாம். அடையாள அட்டை, சில இடங்களில் டெபாசிட் கேட்பார்கள். எடுக்கும்போதே லென்ஸின் கீறல்களைக் கடைக்காரர் முன்னால் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். 150-600 வாங்கத் துடிக்கும் எத்தனையோ பேருக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தோள்பட்டை பதில் சொல்லிவிடும். கர்நாடகச் சரணாலயங்கள் சிலவற்றில் பெரிய லென்ஸுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதையும் கணக்கில் சேருங்கள்.

சித்தப்பா பெண்ணின் கல்யாணத்துக்கு என்னையே எடுக்கச் சொல்கிறார்கள். என்ன வாங்க வேண்டும்?

எதுவும் வாங்க வேண்டாம். "ஆள் ஒருத்தரைப் போட்டுடுங்க சித்தப்பா, நான் கூட இருந்து எடுக்கறேன்" என்று சொல்லிவிடுங்கள். தாலி கட்டும் நேரம் திரும்ப வராது, தொடக்கநிலைப் பாடிகளில் மெமரி கார்டு ஒன்றுதான் போட முடியும், அது மக்கர் செய்தால் ஆயுசுக்கும் பேச்சு. கூட இருந்து எடுப்பதற்கு ஒரு ஃப்ளாஷை வாடகைக்கு எடுத்து, வெள்ளை மேற்கூரையில் பட்டுத் திரும்பும்படி அடியுங்கள். சமையற்கட்டிலும் மணமகள் அறை வாசலிலும் நின்றால் நியமித்த ஆளுக்குக் கிடைக்காத படம் உங்களுக்குக் கிடைக்கும்.

ஃபங்கஸ் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பெங்களூர் சென்னையைவிடப் பரவாயில்லை. ஆனால் ஜூனிலிருந்து அக்டோபர் வரை இங்கேயும் அலமாரிக்குள் ஈரம்தான். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஃபங்கஸுக்குக் கொண்டாட்டம். 40-லிருந்து 50-க்குள் வைத்திருங்கள். ஈரப்பதத்தைத் தானே கட்டுப்படுத்தும் டிரை கேபினட் அலமாரி இருந்தால் நல்லது. இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் போதும். தோல் உறையில் வைத்து மூடுவதுதான் மோசம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஏ.சி. காரிலிருந்து இறங்கிக் கடற்கரைக் காற்றில் உடனே கேமராவைத் திறந்தால் கண்ணாடியில் பனி படியும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

புதுசு வந்ததும் பழையதை விற்றுவிடலாமா?

பாடியை விற்றுவிடுங்கள், விலை இறங்கிக்கொண்டே போகும். நல்ல லென்ஸை ஒரு சீசன் வைத்திருந்து பாருங்கள். பக்கம் மாறுபவர்களும் உண்டு: முட்டி வலி வந்து பறவையை விட்டுத் தெருவுக்கு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் என்ன விலை சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். செகண்ட் ஹேண்ட் விலையை எந்தச் செயலியிலும் அரை நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள்.

மெமரி கார்டில் என்ன பெரிய விஷயம்?

போலி நிறைய. மேலே 128 ஜி.பி. என்றிருக்கும், உள்ளே அதில் ஒரு துண்டுதான் இருக்கும். அது நிரம்பியதும் அடுத்து எடுக்கும் படங்கள் காணாமல் போகும், கேமரா ஒன்றும் சொல்லாது. பில் தரும் கடையில் வாங்குங்கள். வாங்கியதும் முழு அளவுக்கும் ஏதாவது வீடியோவை ஏற்றி, திரும்பக் கம்ப்யூட்டருக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்த பிறகே கார்டைக் காலி செய்யுங்கள், அதையும் கம்ப்யூட்டரில் இல்லாமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.